சேலை எடுக்க வந்தவர் கையில் ஐந்து ரூபாய்

கேள்வி: எங்கள் ஊரில் மூன்று தலைமுறையாக ஜவுளிக்கடை நடத்துகிறோம். போன வெள்ளிக்கிழமை காலை, பார்வையில்லாத ஒரு அம்மா வெள்ளைக்கோலுடன் தனியாகக் கடைக்கு வந்தார். வெள்ளிக்கிழமைகளில் யாசகம் கேட்டு வருபவர்களுக்காகக் கல்லாவில் சில்லறை எடுத்து வைத்திருப்போம். வாசலில் நிற்கும் பையன் அதிலிருந்து ஐந்து ரூபாயை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டான். 'தம்பி, நான் சேலை எடுக்க வந்தேன்' என்று சொல்லிவிட்டு, நாணயத்தை அவனிடமே திருப்பிக் கொடுத்து, வந்த ஆட்டோவிலேயே அவர் போய்விட்டார். நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விசாரித்ததில் பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியை என்று தெரிந்தது. மனசு கேட்கவில்லை. நல்ல பட்டுச்சேலை ஒன்றை அவர் வீட்டுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். பையனை நிறுத்திவிடுங்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். இப்படிப்பட்டவர்கள் எங்கள் கடைக்கு வருஷத்துக்கு நாலைந்து பேர் வந்தால் அதிகம். வந்தால் எப்படி நடத்த வேண்டும்? கடை வாசலில் மூன்று படி இருக்கிறது, அதை இடித்துக் கட்டத்தான் வேண்டுமா? சட்டப்படி ஏதாவது பிரச்சினை வருமா?

– ஜவுளிக்கடை உரிமையாளர், டெல்டா மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஐயாவுக்கு,

முதலில் அந்தப் பட்டுச்சேலை விஷயத்தை முடித்துவிடுவோம். தயவுசெய்து அனுப்பாதீர்கள். உங்கள் மனசு புரிகிறது. ஆனால் அந்த ஆசிரியை தன் சம்பளப் பணத்தில், தானே பார்த்துத் தேர்ந்தெடுத்து, பில் போட்டு எடுத்துப் போக வந்தவர். அந்த வியாபாரம்தான் அன்றைக்கு நடக்காமல் போனது. இப்போது இலவசமாகச் சேலை போனால், பையன் ஐந்து ரூபாயில் செய்ததை முதலாளி ஐயாயிரத்தில் செய்ததாகத்தான் அவருக்குத் தோன்றும். அவரைத் தெரிந்த ஒருவர் மூலம் 'வந்து பார்க்கலாமா' என்று கேளுங்கள். சரி என்றால் நீங்களே போங்கள். பழம், ஸ்வீட் எதுவும் கையில் வேண்டாம். 'என் கடையில் உங்களுக்கு நடந்தது தப்பு, மன்னிக்கணும். மறுபடி வந்தால் சரியாகக் கவனிப்போம்' என்று சொன்னால் போதும். பையன் தெரியாமல் செய்துவிட்டான் என்று அவனுக்காக வாதாடவும் வேண்டாம். அவர் வந்தால் எல்லோருக்கும் என்ன தள்ளுபடியோ அதே தள்ளுபடிதான். வராவிட்டால், அதுவும் அவர் முடிவு.

பையனை நிறுத்தாதீர்கள். வெள்ளிக்கிழமைச் சில்லறை உங்கள் கடை வழக்கம். யாருக்குக் கொடுப்பது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆளைப் பார்த்து அவனாக முடிவு செய்தான். வெள்ளைக்கோல், ஊன்றுகோல், வளைந்த கை என்று எதைப் பார்த்தாலும் யாசகம் என்று நினைப்பது அவன் மட்டும் செய்கிற காரியமா? நன்றாகப் படித்தவர்கள் பஸ் ஸ்டாண்டில் இதையே செய்வதை மாற்றுத்திறனாளிகள் எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கு ஒரே ஒரு விதி சொல்லுங்கள்: கேட்காதவர் கையில் காசு வைக்கக் கூடாது. படியேறி வருகிற ஒவ்வொருவரிடமும், யாராக இருந்தாலும், 'வாங்க, என்ன பார்க்கணும்?' என்று கேட்க வேண்டும். யாசகத்துக்கு வந்தவர் தானே சொல்லிவிடுவார்.

'வருஷத்துக்கு நாலைந்து பேர்' என்று எழுதியிருக்கிறீர்கள். இதை ஏறக்குறைய எல்லாக் கடைக்காரர்களும் என்னிடம் சொல்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் மட்டும் இல்லாமல் போவார்களா? அவர்களும் தீபாவளிக்குத் துணி எடுக்கிறார்கள், வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கிறார்கள். உங்கள் கடையில் எடுப்பதில்லை, அல்லது வேறு யாரோ அவர்களுக்காக எடுத்துப் போகிறார்கள். மெரினாவில் 2022 நவம்பரில் கடல் அருகே போக மரப்பாதை திறந்ததும் சக்கர நாற்காலியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய வாரம் வரை கடற்கரையில் அவர்களைப் பார்த்தவர்கள் குறைவு. கடலைப் பார்க்கும் ஆசை ஒரே வாரத்தில் வந்துவிடவில்லை, பாதைதான் வந்தது.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாததல்ல. கல்யாண ஜவுளி எடுக்க வேன் வைத்துப் பதினைந்து பேர் வருவார்கள். அதில் முழங்கால் தேய்ந்த பாட்டி ஒருவர் நிச்சயம் இருப்பார், பக்கவாதம் வந்து கோல் ஊன்றி நடக்கும் பெரியப்பா ஒருவரும் இருப்பார். முகூர்த்தப் புடவைக்குப் பாட்டி சரி சொல்ல வேண்டும். பாட்டியால் படி ஏற முடியாவிட்டால் மொத்த வேனும் அடுத்த கடைக்குப் போகும்.

சரி, இனி அந்த ஆசிரியை போன்ற ஒருவர் மறுபடி வந்தால் என்ன செய்வது என்று பார்ப்போம். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஜவுளிக்கடையில் இதை அழகாகச் செய்ய முடியும்.

வாசலில் நிற்பவர் முதலில் குரல் கொடுக்க வேண்டும். 'வாங்கம்மா, நான் கடையில வேலை செய்றேன். உள்ளே கூட்டிப் போகட்டுமா?' என்று கேட்கட்டும். சில பேர் வேண்டாம் என்பார்கள், கோலைத் தட்டித் தானே வருவார்கள். அப்போது 'மூணு படி இருக்கு, வலது பக்கம் கைப்பிடி' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். சரி என்றால் கையைப் பிடித்து இழுக்கவோ முதுகில் கை வைத்துத் தள்ளவோ கூடாது. பையன் தன் முழங்கையைக் கொடுக்க வேண்டும், அவர் அதைப் பிடித்துக்கொள்வார். பையன் அரை அடி முன்னால் நடந்தால், அவன் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் திரும்புவதும் அவர் கைக்கே தெரியும். வெள்ளைக்கோலை யாரும் வாங்கி ஓரமாக வைக்கக் கூடாது. உட்கார வைக்கும்போது ஆளை அமுக்கி உட்கார வைக்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். நாற்காலியின் முதுகை அவர் கையால் தொட வைத்தாலே போதும், அவரே உட்கார்ந்துகொள்வார். நடுவில் வேறு கஸ்டமரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போனால் அவர் காலி இடத்தோடு பேசிக்கொண்டிருப்பார், சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். அதைவிட வேறு அவமானம் வேண்டாம்.

அப்புறம் சேலை காட்டுவது. உங்கள் ஊழியர்கள் விரித்துப் போட்டுப் பழகியவர்கள். 'இந்தக் கலர் பாருங்க, இது பாருங்க' என்று பத்துச் சேலையை விரித்தால் இங்கே எதுவும் நடக்காது. முதலில் எதற்கு, எவ்வளவு விலையில், பட்டா பருத்தியா என்று கேட்டுக்கொள்ளட்டும். பிறகு ஒரு நேரத்தில் ஒரு சேலை. அதை அவர் மடியில் வைத்து, வாயால் சொல்ல வேண்டும். 'உடம்பு மயில்கழுத்து நிறம், கரை அரக்கு. கரை நாலு விரல் அகலம், கையை இங்கே வச்சுப் பாருங்க, ஜரிகை இதிலிருந்து ஆரம்பிக்குது. உடம்புல சின்னச் சின்ன புட்டா, ஒரு சாண் தள்ளித் தள்ளி இருக்கு. முந்தானை முழுக்க அரக்கு, கோடு கோடா ஜரிகை' என்று சொன்னால் எதிரே இருப்பவருக்குச் சேலை முழுசாக வந்துவிடும். வாடாமல்லி, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். நீலம் என்று நிறத்துக்கு உங்கள் கடையில் புழங்கும் பெயர்களே போதும். பிறவியிலேயே பார்வையில்லாதவரிடம் நிறம் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று உங்கள் ஊழியர் கேட்கலாம். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகப் போவது அவர். எந்த ரவிக்கைக்கு எது பொருந்தும், எது பளிச்சென்று இருக்கும், எது அடக்கமாக இருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தேவைதான்.

நூல் இழுத்திருந்தாலோ, மடிப்பில் நிறம் மங்கியிருந்தாலோ அதைச் சொல்லிவிட வேண்டும். கண் தெரிந்தவர் தானே பார்த்து ஒதுக்கிவிடுவார், இவர் உங்கள் வாயை நம்பி வாங்குகிறார். விலைச்சீட்டை வாசித்துக் காட்டுங்கள். பில் போடும் இடத்திலும் ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே துணி, ஒரே ஜரிகை, நிறம் மட்டும் வேறு என்று இரண்டு சேலை எடுத்தால் பீரோவில் எது எது என்று எப்படித் தெரியும்? உங்கள் கடையில் ஓரம் அடிக்கும் தையல்காரர் இருப்பார். உள்முனையில் பச்சைக்கு ஒரு முடிச்சு, நீலத்துக்கு இரண்டு முடிச்சு என்று சின்னதாகப் போட்டுத் தரட்டும். போட்டுத் தரவா என்று முதலில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை. அதைச் செய்து தரும் கடையை அவர் விடமாட்டார்.

பணம் வாங்கும் இடம் இதைவிட முக்கியம். புது வரிசை நோட்டுகளில் 100 ரூபாய் 142 மில்லிமீட்டர் நீளம், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. அகலம் மூன்றுக்கும் ஒன்றே, 66 மில்லிமீட்டர். நாலு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கூட்டத்தில் நின்று விரலால் கண்டுபிடிக்க வேண்டும். ஓரத்தில் தடவிப் பார்க்கக் கோடுகள் இருக்கின்றன, ஐந்நூறில் ஐந்து, நூறிலும் இருநூறிலும் நான்கு. நோட்டு கசங்கிப் பழசானால் அவையும் மழுங்கிவிடும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் 'மணி' என்று ஒரு செல்போன் செயலி கொண்டுவந்தது, கேமரா முன் நோட்டைக் காட்டினால் எவ்வளவு என்று சொல்லும். அவர் அதை எடுத்துச் சரிபார்த்தால் கல்லாவில் இருப்பவர் முகம் சுளிக்காமல் காத்திருக்க வேண்டும். மீதியைக் கற்றையாகக் கையில் திணிக்காமல், 'இது ஐந்நூறு, இது இருநூறு, இது இன்னொரு இருநூறு' என்று ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றையும் தன் முறையில் மடித்து வைத்துக்கொள்வார். அவர் பர்ஸுக்குள் நீங்கள் கை விடவே கூடாது, அவரே கொடுத்தாலும் எடுக்கிற நோட்டைச் சொல்லித்தான் எடுக்க வேண்டும். யுபிஐயில் கட்டுகிறவர் என்றால் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்யத் தடுமாறலாம். அட்டையை அவர் போனுக்கு நேராகப் பிடிக்கலாம், அல்லது கடையின் யுபிஐ எண்ணைச் சொல்லலாம். பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி உங்களிடம் இருக்குமே, அதன் ஒலியைக் குறைத்து வைக்காதீர்கள். எவ்வளவு போனது என்று அவருக்கும் அதுதான் சாட்சி.

துணைக்கு யாராவது வந்திருந்தால் பேச்சு முழுக்கத் துணைக்கு வந்தவரிடமே போய்விடும். 'இவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?' என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள். கட்டடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு வசதியாக இருக்கின்றனவா என்று பார்த்து ஆலோசனை சொல்லும் எங்கள் வேலையில் நாங்கள் மிக அதிகமாகக் கேட்கும் புகார் இதுதான். சக்கர நாற்காலியில் வருபவர், கை அசைவில் பேசுபவர், பேச்சு குழறுபவர் எல்லோருக்கும் இது நடக்கிறது. வாங்குகிறவரைப் பார்த்துப் பேச வேண்டும். அக்கா, சார், அம்மா என்று மற்றவர்களை எப்படி அழைப்பீர்களோ அப்படியே அழைக்க வேண்டும். நாற்பது வயது ஆளைச் சக்கர நாற்காலியில் பார்த்ததும் 'என்னப்பா, என்ன வேணும்' என்று ஒருமைக்கு இறங்கிவிடுகிறார்கள். அதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். 'எப்படி ஆச்சு? பிறவியிலேயா?' என்று கேட்பதையும் நிறுத்துங்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள், ஆனால் ஒரு சட்டை எடுக்க வந்த இடத்தில் தன் உடம்பின் கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

காது கேட்காதவர் வந்தால் கத்திப் பயனில்லை. முகம் தெரியும்படி வெளிச்சத்தில் நின்று, நிதானமாகப் பேச வேண்டும். பலர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள், ஆனால் அதில் எல்லாம் தெரிந்துவிடாது. பணம், மணம் இரண்டும் உதட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் விலையைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவது, அளவை எழுதிக் காட்டுவது, இரண்டும் தெரியாவிட்டால் பொருளைத் தொட்டுக் காட்டுவது. சைகை மொழியே முதல் மொழியாக இருப்பவருக்கு எழுதின தமிழும் கஷ்டமாக இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். அவர் வீடியோ காலில் வீட்டில் இருப்பவரிடம் சைகையில் கேட்டு முடிவு செய்வார், அதற்கு நேரம் கொடுங்கள். உங்கள் கடைப் பையில் லேண்ட்லைன் எண் மட்டும் அச்சடித்திருந்தால், வாட்ஸப் எண்ணையும் சேருங்கள். பிளவுஸ் தைத்து ரெடியா என்று அவர் போன் போட்டுக் கேட்க முடியாது, செய்தி அனுப்பிக் கேட்பார்.

பெருமூளை வாதம் போன்ற காரணத்தால் பேச்சு தெளிவில்லாதவர்களிடம், புரியாமலே 'ஆமா ஆமா' என்று தலையாட்டுவதுதான் பெரிய தவறு. புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டால் அவர்கள் வருத்தப்படமாட்டார்கள். அவருக்காக வாக்கியத்தை நாம் முடித்து வைக்கக் கூடாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு உங்கள் கடையின் பாட்டு, விளம்பர ஸ்பீக்கர், மின்னும் விளக்கு எல்லாம் தாங்க முடியாத தொல்லையாக இருக்கலாம். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டால் கூட்டம் கூடக் கூடாது. பாட்டை நிறுத்தி, ஓரமாக ஓர் அமைதியான இடத்தைக் காட்டி, தாயிடம் 'மெதுவாப் பாருங்கம்மா' என்று சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், ஏதாவது ஒரு வார நாளில் கடை திறந்ததும் ஒரு மணி நேரம் ஸ்பீக்கர் போடாமல் வைத்து, அதை வெளியில் எழுதியும் போட்டால் அந்தக் குடும்பங்கள் அந்த நேரத்துக்கே வந்துவிடும். பெரியவர்களுக்கும் அது பிடிக்கும்.

இப்போது உங்கள் மூன்று படி.

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம். உங்கள் படி ஒவ்வொன்றும் ஆறு அங்குலம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் பதினெட்டு அங்குலம், அதற்குச் சாய்தளம் பதினெட்டு அடி நீளம் வேண்டும். அகலம் குறைந்தது நாலடி, இரண்டு பக்கமும் கைப்பிடி, சொரசொரப்பான தரை. நம் ஊர்க் கடைகளில் சாய்தளம் என்று இருப்பதில் பெரும்பாலானவை ராத்திரி பைக்கை உள்ளே ஏற்றப் போட்ட சிமெண்ட் சரிவுகள். நாலடியில் மூன்று படியை ஏறுகிற சரிவில் சக்கர நாற்காலி பின்னால் குடை சாய்ந்துவிடும். அப்படி ஒன்றைப் போட்டுவிட்டு வசதி செய்துவிட்டோம் என்று நினைப்பதைவிடப் போடாமல் இருப்பது பாதுகாப்பு.

பதினெட்டு அடிக்குக் கடைத்தெருவில் இடம் ஏது என்று கேட்பீர்கள். சாக்கடை மேல், நடைபாதை மேல் நீட்டக் கூடாது, அது அடுத்தவர் பாதை. ஒன்பது அடி போய், ஐந்தடிச் சமதளத்தில் திரும்பி, மீண்டும் ஒன்பது அடி வரும்படி மடக்கிக் கட்டலாம். ஷட்டரைப் பின்னால் தள்ளி, சரிவைக் கடைக்குள் வாங்கலாம். பொதுவாக ஜவுளிக்கடைகளுக்குச் சரக்கு இறக்கப் பின்பக்கமோ பக்கவாட்டிலோ ஒரு வாசல் இருக்கும், அது தரைமட்டத்தில் இருந்தால் செலவே இல்லை. ஆனால் அந்த வழியில் அட்டைப்பெட்டியும் குப்பையும் கிடக்கக் கூடாது. விளக்கு எரிய வேண்டும், கடை நேரம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், முன்வாசலில் அதைக் காட்டும் பலகையும் உட்கார்ந்த நிலையில் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் அழைப்பு மணியும் வேண்டும். மணி அடித்தால் ஒரு நிமிடத்துக்குள் ஆள் வர வேண்டும்.

'நாலு பையன்களை விட்டுத் தூக்கிடுவோம்' என்ற யோசனை உங்களுக்கும் வந்திருக்கும். வேண்டாம். நான் இயன்முறை மருத்துவராக இருந்து இந்த வேலைக்கு வந்தவள். தப்பாகத் தூக்கினால் தோள் நழுவும், நாற்காலியின் கைப்பிடி கழன்று ஆள் கீழே விழுவார், தூக்கியவர் முதுகும் போகும். அதோடு, ஒரு பெண்ணை நாலு ஆண்கள் சுற்றி நின்று தூக்க, தெரு முழுக்கப் பார்க்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். அவரே கேட்டு, எங்கே பிடிக்க வேண்டும் என்று அவரே சொன்னால் மட்டும்தான் அந்தப் பேச்சு. அது வரைக்கும் சக்கர நாற்காலியைத் தொடுவதுகூட அவரைக் கேட்ட பிறகுதான்.

நம் பக்கத்தில் சக்கர நாற்காலியில் வருபவர்களைவிட, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் வந்து ஊன்றுகோலோடு இறங்குபவர்களும் போலியோவில் கால் பாதித்தவர்களும்தான் அதிகம். அவர்களுக்குப் படியைவிடப் பெரிய எதிரி வழுக்கும் தரை. காலையில் வாசல் தெளித்த ஈரம், துடைத்துவிட்ட கிரானைட் இரண்டிலும் ஊன்றுகோலின் ரப்பர் அப்படியே சறுக்கும். கடை திறப்பதற்குள் தரை காய்ந்திருக்கட்டும். படிக்குக் கைப்பிடி இல்லையென்றால் இந்த வாரமே இரண்டு பக்கமும் வையுங்கள், வெல்டிங் கடைக்காரர் ஒரு நாளில் முடித்துவிடுவார். வாசலுக்கு நேரே ஒரு ஸ்கூட்டர் நிறுத்த இடம் விடுங்கள், அந்த வண்டிக்குப் பக்கவாட்டில் அகலம் கூடுதலாக வேண்டும்.

உங்கள் கடையில் செருப்பைக் கழற்றச் சொல்லும் வழக்கம் இருக்கிறதா? இருந்தால் அதில் விலக்கு வேண்டும். காலைத் தாங்கும் கம்பியான காலிப்பர் போட்டவருக்கு ஷூவும் அந்தக் கம்பியும் ஒன்று, கழற்றினால் நிற்கவே முடியாது. தொழுநோய் குணமானவர்கள் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி இருக்காது. அவர்கள் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு இல்லாமல் நடந்தால் காலில் முள்ளோ குண்டூசியோ குத்தினால்கூடத் தெரியாமல் புண்ணாகிவிடும். ஜவுளிக்கடைத் தரையில் குண்டூசிக்குப் பஞ்சமா? 'உங்களால கழட்ட முடியலன்னா அப்படியே வாங்க' என்று சொன்னாலும் ஆளைத் தனியாகக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வழக்கத்தையே எடுத்துவிடுவது நல்லது, வாசலில் ஒரு மிதியடி போதும்.

பட்டுப் பிரிவில் பாய் விரித்துத் தரையில் உட்கார வைப்பீர்கள் என்றால், பக்கத்திலேயே கைப்பிடி உள்ள நாற்காலிகள் நாலு போடுங்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அதற்கு வாங்கும்போது கூட நாலு வாங்கினால் ஆயிற்று. ரேக்குகளுக்கு நடுவே மூன்றடி வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும், ஆடி தள்ளுபடி மூட்டைகள் அதை அடைக்கக் கூடாது. திரும்புகிற இடத்தில் ஐந்தடிச் சதுரம் வேண்டும். பில் மேசையில் ஒரு பகுதியை மட்டும் தரையிலிருந்து எண்பது சென்டிமீட்டருக்குள் தாழ்த்தி, அடியில் முழங்கால் நுழைய இடம் விடுங்கள். உடை மாற்றிப் பார்க்கும் அறையில் ஒன்றைக் கொஞ்சம் பெரிதாக்கி, உள்ளே ஒரு ஸ்டூல், சுவரில் ஒரு பிடிகம்பி, தாழ்வாக ஒரு கொக்கி. தயவுசெய்து அதில் பொம்மையையும் துடைப்பத்தையும் அடுக்காதீர்கள். நான் போய்ப் பார்க்கும் பல கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை இந்தக் கதியில்தான் இருக்கிறது. சாவி மேனேஜரிடம், மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார்.

சட்டம் கேட்டிருந்தீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைச் சொல்கிறது. அரசுக் கட்டடம் மட்டும் என்று நினைக்காதீர்கள், மக்கள் வந்து போகும் தனியார் வணிகக் கட்டடமும் அதில் அடக்கம். சட்டத்தை மீறினால் முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை. பலர் பார்க்க, மாற்றுத்திறனாளியைச் சிறுமைப்படுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமானப்படுத்துவது தனிக் குற்றம், ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. உங்கள் பையன் செய்தது அந்த நோக்கத்தோடு அல்ல, அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் படி விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். அணுகல் வசதிக்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமானவை எவை என்று தனியாக வகுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. இனிமேல் புதிதாகக் கட்டுவதென்றால் ஆரம்ப வரைபடத்திலேயே இதைச் சேர்ப்பதுதான் செலவு குறைந்த வழி.

ஊழியர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது? நீங்கள் கூட்டம் போட்டு அறிவுரை சொல்வதைவிட, உங்கள் மாவட்டத்தில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் சங்கத்திலிருந்து மூன்று பேரை அழையுங்கள். பார்வையில்லாதவர் ஒருவர், காது கேட்காதவர் ஒருவர், சக்கர நாற்காலியில் ஒருவர். கடை முழுக்கச் சுற்றி, ஆளுக்கு ஒரு துணி எடுத்து, பில் போட்டுவிட்டு, எங்கே சிக்கல் என்று சொல்லட்டும். அதற்கு அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள், ஆலோசனைக்கு வருகிற மற்றவர்களுக்குக் கொடுப்பது போல. கையோடு இன்னொன்றும் யோசியுங்கள். பில் போடும் இடத்தில், வாட்ஸப் ஆர்டர் எடுக்கும் இடத்தில், மாற்றுத்திறனாளி ஒருவருக்கு வேலை கொடுங்கள். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற சக ஊழியர் ஒருவர் இருந்தால், வாசலுக்கு வரும் கஸ்டமரைப் பார்த்து உங்கள் பையன் கல்லாச் சில்லறையை எடுக்கமாட்டான்.

முடிந்தால் படிகளின் மொத்த உயரம், ஷட்டரிலிருந்து சாக்கடை வரை உள்ள தூரம், சரக்கு வாசலின் அகலம் மூன்றையும் டேப் வைத்து அளந்து, இரண்டு போட்டோவோடு எழுதி அனுப்புங்கள். சாய்தளத்தை எந்தப் பக்கம் போடலாம் என்று வரைந்து தருகிறேன்.